எட்டாம் இடம் பிடிப்பது எப்படி?

முதலிடத்துக்கு வழி சொல்ல ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எட்டாம் இடத்துக்கு ஒருவரும் இல்லை. எட்டுப் பேர் ஆடுகிற ஆட்டத்தில் எட்டாவதாக வருவது தானாக நடந்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நடக்காது. கடையில் வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ, நேரம் சரியில்லை என்றால் நான்காவதாகவோகூட வந்து நிற்பீர்கள். எட்டாம் இடத்துக்குப் பிடிவாதம் வேண்டும், பெரிய பெயர்கள் மேல் பக்தி வேண்டும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் சொல்வதைக் காதில் வாங்காத திடம் வேண்டும். எனக்கு மூன்றும் உண்டு. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பெயர் டீம்ஃபைட் டாக்டிக்ஸ். 2019 ஜனவரியில் சீனாவின் ட்ரோடோ என்ற சின்னக் குழு, டோட்டா 2 விளையாட்டுக்குள் 'ஆட்டோ செஸ்' என்று ஒன்றைச் செருகிவிட்டது. அது காட்டுத்தீயாகப் பிடித்துக்கொள்ள, அதே வருடம் ஜூனில் ரயட் கேம்ஸ் தன் பங்குக்கு இதை இறக்கியது. கைபேசிக்கு வந்தது 2020 மார்ச்சில். அந்த மாதக் கடைசியில் நாட்டையே பூட்டினார்கள். நான் எப்படி மாட்டினேன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம் என நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பாதி ரம்மி, பாதி சேவல்கட்டு. ஒவ்வொரு சுற்றிலும் கடையில் ஐந்து வீரர்கள் வருவார்கள். காசு கொடுத்து வாங்கலாம். பிடிக்கவில்லை என்றால் இரண்டு காசு கொடுத்துக் கடையைப் புரட்டிப் போடலாம். அதற்கு ரீரோல் என்று பெயர். ஒரே ஆள் மூன்று சேர்ந்தால் இரண்டு நட்சத்திரம், ஒன்பது சேர்ந்தால் மூன்று நட்சத்திரம். இதுதான் ரம்மி. வீரர்களுக்குக் குலமும் தொழிலும் உண்டு. ஒரே குலத்தார் களத்தில் சேர்ந்தால் எல்லாருக்கும் பலம் கூடும். திருமணத் தகவல் மையம் நடத்தியவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். பிறகு சண்டை. சண்டை தொடங்கிவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. காலில் கத்தி கட்டிச் சேவலை இறக்கிவிட்டுச் சுற்றி நிற்கிறவன் கதிதான்: கத்தலாம், கை வைக்க முடியாது. தோற்றால் நூறிலிருந்து உயிர் குறையும். பூஜ்யமானால் வெளியே. முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் ஜெயித்த கணக்கு, மிச்சம் நாலும் தோற்ற கணக்கு.

எட்டாம் இடத்துக்கு ஒரு நடைமுறை வசதி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஆடினால் ஓர் ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் போகும். எட்டாம் இடத்துக்காரனுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் திறந்த பெங்களூரு மஞ்சள் லைன் மெட்ரோவில், காலையில் ஆர்.வி. ரோட்டில் ஏறி ஆட்டத்தைத் தொடங்கினால் எலெக்ட்ரானிக் சிட்டி வருவதற்குள் நான் கௌரவமாகச் செத்திருப்பேன். முதலிடம் பிடிக்கிறவர்கள் பொம்மசந்திரா வரை போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும். அலுவலகம் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, பாடத்துக்கு வருவோம். கடை திறப்பதற்கு முன்பே அணியை முடிவு செய்துவிடுங்கள். யாரோ எங்கோ போட்ட 'எஸ் டயர்' பட்டியல், அதாவது தலைசிறந்த அணிகளின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பட்டியல் பழசாக இருப்பது முக்கியம். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்டத்தில் யாருக்காவது பலத்தைக் கூட்டுவார்கள், யாருக்காவது குறைப்பார்கள். அதற்கு முந்தைய பட்டியல்தான் உங்களுக்கு உகந்தது. பிறகு கடையில் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். முதல் மூன்று சுற்றில் ஒரே காவல்காரன் நாலு தடவை வந்து கதவைத் தட்டுவான். நீங்கள் வரப்போகிற ராஜகுமாரனுக்காகக் கதவை மூடியே வைத்திருங்கள். ரம்மி தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கைக்கு வந்த சீட்டைப் பார்த்து ஆடுகிறவன் டிக்ளேர் செய்வான், மனதில் இருக்கிற சீட்டுக்காகக் காத்திருக்கிறவன் எண்பது பாயிண்ட் கொடுத்துவிட்டு டீ சொல்லப் போவான்.

"அப்பா, கடைல வர்றத வச்சு ஆடுப்பா. ஃபோர்ஸ் பண்ணாத" என்பாள் மகள். கேட்காதீர்கள்.

பெயருக்காக அணி சேர்க்கிற கலையில் நம் ஊருக்கு ஒரு மரபே இருக்கிறது. சரித்திரம் தெரியாமல் எட்டாம் இடத்துக்கு ஆசைப்படக் கூடாது என்பதால் சொல்கிறேன். ஐபிஎல் கிரிக்கெட் ஏலமும் இதே ஆட்டம்தான்: எல்லாருக்கும் ஒரே அளவு காசு, பொதுக் கடை, வாங்கி முடித்த பிறகு முதலாளி பெட்டியில் உட்கார்ந்து நகம் கடிப்பது. அந்தக் கடை பல வருடம் பெங்களூரில்தான் விரிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் நடந்த பெரிய ஏலத்தில் ஏலம் விடுகிறவரான ஹியூ எட்மீட்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்து, சாரு சர்மா வந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். எட்மீட்ஸுக்கு ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். எனக்கென்னவோ விலைகளைக் கேட்டுத்தான் என்று சந்தேகம்.

பெங்களூரின் ஆர்சிபி சேர்த்த முதல் அணியைப் பாருங்கள், 2008. ராகுல் திராவிட், ஜாக் காலிஸ், அனில் கும்ப்ளே, வாசிம் ஜாஃபர், சந்தர்பால், பவுச்சர், ஜாகீர் கான், டேல் ஸ்டெய்ன். ஒவ்வொரு பெயரும் விலை உயர்ந்த ஐந்து காசு வீரன். எல்லாரும் ஒரே குலமும்கூட, டெஸ்ட் கிரிக்கெட் குலம். ஆட்டம்தான் இருபது ஓவர். ஏப்ரல் 18 அன்று சின்னசாமி மைதானத்தில் ஐபிஎல்லின் முதல் போட்டி. கொல்கத்தாவின் மெக்கல்லம் 73 பந்தில் 158 அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் நின்றார். பெங்களூரு மொத்த அணியும் சேர்ந்து 82. எட்டு அணிகளில் அந்த வருடம் ஏழாவது இடம். முதல் முயற்சி என்பதால் எட்டாம் இடத்தை நூலிழையில் தவறவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பாடம்தான் இந்தக் கையேட்டின் உயிர்நாடி. எல்லாவற்றையும் ஒருவன் தலையில் கட்டுங்கள்.

ஆட்டக்காரர்கள் அவனைக் 'கேரி' என்பார்கள், அணியைச் சுமக்கிறவன். ஒருவனுக்கு மூன்று ஆயுதம்தான் மாட்ட முடியும். மூன்றையும் அவனுக்கே மாட்டுங்கள். மீதியிருக்கிற ஆயுதங்களை அவன் கேட்டால் கொடுக்கலாம் என்று கையில் வைத்திருங்கள். முன்வரிசையில் அடி வாங்கி நிற்கும் டாங்குகளுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுக்காதீர்கள். களத்தில் உங்கள் பக்கம் நாலு வரிசை, வரிசைக்கு ஏழு கட்டம். உங்கள் கேரி கடைசி மூலையில் தனியாக, அழகாக நிற்பான். முன்னால் நிற்கிறவர்கள் மூன்றாவது நொடியில் கரைந்துபோவார்கள். அதன் பிறகு அவன் எதிரணி ஏழு பேரையும் ஒற்றையாளாகச் சந்திப்பான். சினிமாவில் இது இடைவேளைக் காட்சி. இங்கே உங்களுக்குப் பதினெட்டு உயிர் போகும்.

சில சமயம் ஜெயிப்பான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2013 ஏப்ரல் 23, சின்னசாமி மைதானம், எதிரே புனே வாரியர்ஸ். கிறிஸ் கெயில் 66 பந்தில் 175, அவுட் இல்லை, பதினேழு சிக்ஸர். அணியின் ஸ்கோர் 263. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அந்த ராத்திரி எங்கள் தெருவில் வெடித்த வெடிக்கு அலறி எழுந்தவள், அன்றிலிருந்துதான் ஆர்சிபி ரசிகையாகிவிட்டாள் என்பது என் மனைவியின் கட்சி. சரி, அந்த வருடம் ஆர்சிபி எத்தனையாவது இடம்? ஒன்பது அணிகளில் ஐந்தாவது. முதல் நாலுக்குள் வரவில்லை. மூன்று நட்சத்திரக் கேரி ஒரு சுற்றை மறக்க முடியாததாக ஆக்குவான். புள்ளிப் பட்டியலுக்கு மறதி அதிகம்.

சரியாக நான்கு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 23, 2017, ஈடன் கார்டன்ஸ். கெயில், கோலி, டிவில்லியர்ஸ் மூவரும் அணியில் உண்டு. எடுக்க வேண்டியது 132. எடுத்தது 49. பத்து ஓவர்கூட முழுசாக ஆடவில்லை, ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. கேதார் ஜாதவின் 9 தான் அதிகபட்சம். அந்தப் பருவத்தில் எட்டு அணிகளில் எட்டாவது இடம். ஒன்பது வருடம் பொறுமையாக உழைத்தால் எதுவும் கைகூடும்.

நடுவில் 2016 இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். கோலி ஒரே பருவத்தில் 973 ரன், நாலு சதம். டிவில்லியர்ஸ் 687. இறுதிப் போட்டி சொந்த மண்ணில், மே 29. எதிரே வந்த ஹைதராபாத்தின் பலம் பந்துவீச்சு. அந்தப் பருவத்தில் அதிக விக்கெட் எடுத்த புவனேஷ்வர் குமார் அவர்கள் ஆள். ஹைதராபாத் முதலில் ஆடி 208. அதில் கடைசி ஓவரில் மட்டும் 24 ரன். வீசியவர் ஷேன் வாட்சன், அன்று நான்கு ஓவருக்கு 61 கொடுத்தார். பதிலுக்குக் கெயிலும் கோலியும் முதல் விக்கெட்டுக்கு 114 சேர்த்தார்கள், பத்தரை ஓவரில். டிவியில் எங்கள் தெருவே கோப்பையைத் தொட்டுவிட்டது. பிறகு இரண்டு கேரியும் போனார்கள், மூன்றாமவர் வந்தார், போனார். எட்டு ரன்னில் தோல்வி. நான் சென்னைக்காரன், சூப்பர் கிங்ஸ் அந்த இரண்டு வருடமும் தடையில் இருந்ததால் எனக்கு யாரும் இல்லை. என் மடியில் ஐந்து வயதுக் குழந்தை, சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தது. "ஈ சாலா கப் நம்தே" என்று கன்னடத்தில் சொல்வார்கள், இந்த வருடம் கோப்பை நமதே என்று. எந்த வருடம் என்று சொல்லாத வரை அது பொய்யாகாது என்று அவளுக்கு விளக்கினேன். அதற்கும் அழுதாள்.

இனி காசு. இந்த ஆட்டத்தில் வட்டி உண்டு. பத்துக் காசு கையில் இருந்தால் சுற்றுக்கு ஒரு காசு, இருபதுக்கு இரண்டு. ஐம்பதுக்கு ஐந்து, அதற்கு மேல் கிடையாது. வங்கியில் எஃப்டி போட்டு வளர்ந்த நடுத்தர வர்க்கத் தமிழனுக்கு இது தாய்ப்பாலோடு வந்திருக்க வேண்டும். ஆனாலும் எட்டாம் இடத்துக்கு இரண்டு ராஜபாட்டை திறந்தே இருக்கிறது. ஒன்று, எட்டுக் காசு வந்தால் நாலு தடவை கடையைப் புரட்டுவது. கடைசிப் புரட்டலில் கட்டாயம் வரும் என்ற நம்பிக்கை இதற்குப் போதும். ஏலச்சீட்டு, சைட்டு, நண்பனின் ஸ்டார்ட்-அப் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களுக்குக் கைவந்த கலை. மற்றொன்று நேர் எதிர்: ஐம்பதைத் தொட்ட பிறகும் செலவழிக்காமல் இருப்பது. உயிர் முப்பது, இருபது, பன்னிரண்டு என்று இறங்கும். காசு அறுபது, எழுபது என்று ஏறும். எழுபத்து நாலு காசோடு செத்த பெருமை எனக்கு உண்டு. ஆட்டம் முடிந்ததும் அந்தக் காசை யாருக்கும் எழுதி வைக்கவும் முடியாது.

ஏலத்தில் முதல் வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். 2014 பெங்களூரு ஏலத்தில் யுவராஜ் சிங்கை 14 கோடிக்கு ஆர்சிபி வாங்கியது. ஒரே பருவம்தான், அடுத்த வருடம் விட்டுவிட்டது. 2017-ல் டைமல் மில்ஸ் 12 கோடி. 2021-ல் கைல் ஜேமிசன் 15 கோடி. பொல்லாத ஆட்டக்காரர்கள்தான் மூவரும். ஆனால் ஒரே ஆளுக்கு அவ்வளவைக் கொட்டிவிட்டு மிச்சக் காசில் பத்துப் பேரைப் பொறுக்குகிறபோது, அந்தப் பத்துப் பேர் எப்படி இருப்பார்கள் என்பது நம் வீட்டுக் கல்யாணத்தில் மண்டபத்துக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுச் சமையல்காரரைத் தேடியவர்களுக்குத் தெரியும்.

கடையைப் புரட்டாமலே ராஜா வந்து விழுவதும் உண்டு. 2011 ஏலத்தில் கெயிலை ஒருவரும் வாங்கவில்லை. பருவத்தின் நடுவில் டர்க் நானஸுக்குக் காயம். மாற்றாக வந்த கெயில்தான் அந்த வருடம் 608 ரன்னோடு எல்லாருக்கும் மேலே நின்றார். இப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அதற்கடுத்த பத்து வருடத்துக்கு நீங்கள் திட்டம் போடவே மாட்டீர்கள்.

பெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். களத்துக்கு வெளியே ஒன்பது இடம் உண்டு. வாங்கிய ஆளை உட்கார வைக்கலாம். பெஞ்சில் இருப்பவனை விற்றால் காசு திரும்பும், வட்டிக்கு உதவும். விற்காதீர்கள். என் பெஞ்சும் எங்கள் வீட்டுப் பரணும் ஒன்று. பரணில் ஓடாத மிக்சி, மகளின் நடைவண்டி, 2009-ல் வாங்கிய ஒரு மோடம். பெஞ்சில் ஒற்றை ஒற்றையாக ஒன்பது பேர், ஒருவனுக்கு ஒருவன் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "இவன எதுக்குப்பா வச்சிருக்க?" என்றாள் ஒருநாள். போன வாரம் நன்றாக ஆடினான் என்றேன். "அது போன வாரம்."

ஆனால் விற்பதிலும் எட்டாம் இடத்துக்கு ஒரு வழி இருப்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வைக்க வேண்டியவனை விற்பது. இதை ஆரம்பித்தால் மகள் எழுந்து உள்ளே போய்விடுவாள், அதனால் குரலைத் தாழ்த்தியே எழுதுகிறேன். 2016 இறுதிப் போட்டியில் 61 ரன் கொடுத்த அதே வாட்சனை, 2018 ஜனவரியில் இதே பெங்களூரில் நடந்த ஏலத்தில் சென்னை 4 கோடிக்கு எடுத்தது. தடை முடிந்து திரும்பிய அணி; முப்பது தாண்டியவர்களாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள், அப்பாக்கள் படை என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்பாவாக இருந்துகொண்டே. அந்த வருட இறுதிப் போட்டியில், அதே ஹைதராபாத்துக்கு எதிராக, வாட்சன் 117, அவுட் இல்லை. அதே வீரன்தான், அதே நட்சத்திரம்தான். சுற்றி நிற்கிற குலம் வேறு. ஷிவம் துபேயும் அப்படித்தான்: ஆர்சிபி 5 கோடிக்கு வாங்கி, இரண்டு பருவத்தில் விட்டுவிட்டது, பிறகு சென்னைக்கு வந்து சுழற்பந்தைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். சென்னை அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நடு ஓவரில் வா, சுழலை அடி, போ. வேறு வேலை வைக்கவில்லை.

எனக்கு இந்த ஆட்டத்தில் புரிந்திருக்கிற ஒரே விஷயம் இதுதான். புரிந்தும் செய்ய முடியாத விஷயமும் இதுதான். ஒரு வீரன் நல்லவனா என்று கேட்பதில் பிரயோசனமில்லை. இவன் பக்கத்தில் நிற்பவனுக்கு இவனால் என்ன லாபம் என்று கேட்க வேண்டும். ஆனால் கடை திறந்ததும் ஐந்து முகம் பளபளவென்று வரும்போது, பக்கத்தில் நிற்கிறவன் ஞாபகம் யாருக்கு இருக்கும்?

2024 நவம்பரில் ஏலம் ஜெத்தாவுக்குப் போய்விட்டது. அணிக்கு 120 கோடி. ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது. பெங்களூரில் பிறந்த கே.எல். ராகுல் வீட்டுக்குத் திரும்புவார் என்று எங்கள் வீட்டில் டிவி முன்னால் ஒரு கூட்டமே காத்திருந்தது. டெல்லி 14 கோடிக்குக் கொண்டுபோனது. அன்றைக்கு ராத்திரி மகள் சாப்பிடவில்லை. ஆர்சிபி வாங்கிய பட்டியலைப் பார்த்து நான்தான் சமாதானம் சொன்னேன், அதாவது கிண்டல் செய்தேன். ஹேசில்வுட் 12.5 கோடி, சால்ட் 11.5, ஜிதேஷ் சர்மா 11, புவனேஷ்வர் 10.75, பிறகு க்ருணால் பாண்டியா 5.75, டிம் டேவிட் 3, ரொமாரியோ ஷெப்பர்ட் 1.5. "பேர் தெரிஞ்ச ஆளே இல்லையேம்மா, எட்டாவது இடம் நிச்சயம்" என்றேன். இந்தத் துறையில் என் கணிப்பு தவறியது அந்த ஒருமுறைதான்.

அந்தப் பருவத்தில் வெளியூரில் ஆடிய ஏழு லீக் போட்டியிலும் ஜெயித்தார்கள். கோலி 657 எடுத்தார். 2016-ன் மலையோடு ஒப்பிட்டால் குன்று. 2025 ஜூன் 3, அகமதாபாத் இறுதிப் போட்டியில் ஆர்சிபி எடுத்த 190-ல் ஓர் அரைசதம்கூட இல்லை. கோலியின் 43 தான் அதிகம். இருபத்தைந்து, இருபத்தாறு என்று ஆளாளுக்குக் கொஞ்சம். பிறகு முன்வரிசை, அதாவது பந்துவீச்சு. ஆளுக்கு நாற்பது, ஐம்பது ரன் போகிற ராத்திரியில் க்ருணால் நாலு ஓவருக்குப் பதினேழே ரன் கொடுத்து இரண்டு விக்கெட். ஒன்பது வருடம் முன் எதிரே நின்று கோப்பையைத் தட்டிப் பறித்த அணியின் புவனேஷ்வர், இந்த முறை இங்கிருந்து ஒரே ஓவரில் இரண்டு பேரை அனுப்பினார். ஆறு ரன்னில் வெற்றி. நான் எழுதிவரும் இந்தக் கையேட்டின் ஒவ்வொரு வரியையும் மீறி வாங்கிய கோப்பை அது. மகள் கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "டாங்க்கு, பாத்தியா" என்றாள்.

மறுநாள் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் பதினொரு பேர் இறந்துபோனார்கள். அவள் வகுப்பில் சிலர் அங்கே போகக் கிளம்பி, மெட்ரோவில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கோப்பையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கையேட்டில் கடைசியாக ஒன்று பாக்கி. அடுத்தவன் பலகையைப் பார்க்காதீர்கள். இந்த ஆட்டத்தில் மற்ற ஏழு பேரும் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஸ்கவுட் செய்வது என்பார்கள். கடை பொதுக் கடை. ஒவ்வொரு வீரனும் இத்தனை பிரதிதான் என்று கணக்கு உண்டு. நீங்கள் தேடுகிற ஆளையே இன்னும் மூன்று பேர் தேடினால் யாருக்கும் நிறைவாகக் கிடைக்காது, அந்த நாலு பேரும் கீழே இறங்குவார்கள். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வழியை மாற்றத் தோன்றும். எட்டாம் இடத்துக்கு மனச்சலனம் கூடாது. அடுத்தவன் பலகையை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று என் அம்மா வளர்த்த விதமும் இதற்குக் கைகொடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து ஆடினோம். வழக்கமாக அவள் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டாள். பை-டூ காபிக்குக் கீழே தர்ஷினி ஓட்டலுக்கு அழைத்துப் போய், காரா பாத் வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்க வைத்தேன். சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டோம். எனக்கு அன்று நல்ல நேரம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அதே நாலு காசு வீரன், கடையில் வந்தபடி இருந்தான். இரண்டு நட்சத்திரத்தில் இரண்டு பேர், ஒற்றையாக இரண்டு பேர், கூட்டினால் எட்டு. இன்னும் ஒன்று. ஒன்பதாவது வந்தால் மூன்று நட்சத்திரம். நாலு காசு வீரன் மூன்று நட்சத்திரமானால் எதிரே ஆள் நிற்க முடியாது, முதலிடம்தான். இந்தக் கையேட்டுக்கே துரோகம் செய்யத் துணிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது காசையும் புரட்டினேன். இருபத்தைந்து தடவை கடை திறந்து மூடியது. வரவில்லை. முன்வரிசையில் நின்ற இரண்டு பேரை விற்று இன்னும் மூன்று தடவை. வரவில்லை. உயிர் ஒன்பது. அடுத்த சண்டையில் முன்வரிசையே இல்லாமல் என் கேரி மூலையில் தனியாக, அழகாக நின்றான். பிறகு திரையில் 8 என்று வந்தது.

செத்த பிறகு மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கலாம். முதல்முறையாக அவள் பலகையைத் திறந்தேன். களத்தில் பெயர் பெற்ற ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் முன்னால் நின்ற மூவருக்கும் கேடயம், கவசம் எல்லாம் இருந்தது. கீழே பெஞ்சைப் பார்த்தேன். என் ஆள், ஒற்றையாக ஒருவன். பக்கத்தில் இன்னொருவன். அவள் அணிக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆளுக்கு நாலு காசு கொடுத்து வாங்கி, சும்மா உட்கார வைத்திருந்தாள்.

"எப்ப வாங்கின?"

"நீ ஆறு சேத்தப்பவே" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒளிச்சுல்லாம் வைக்கலப்பா. நீ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு இரண்டு பேரையும் விற்றாள். எட்டுக் காசு அவளுக்குத் திரும்பியது. அது அவள் கையிருப்பை ஐம்பதுக்கு மேலே ஏற்றியதா என்று நான் பார்க்கவில்லை, அவள் பார்த்திருப்பாள்.